என் மேசை விளக்கும் பூக்காத சாமந்தியும்

ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒடித்து நட்ட நான்கு சாமந்திக் குச்சிகள். மூன்று, வீட்டின் பின்பக்கம், அண்ணியின் பொறுப்பில். ஒன்று என் அறையில், மேசையை ஒட்டிய சன்னல் திண்டில். மண் ஒன்று, நட்ட நாள் ஒன்று, தொட்டியின் அளவுகூட ஒன்று. பின்பக்கத்து மூன்றும் மொட்டு வைத்து, மலர்ந்து, வாடியும் போய்விட்டன. என்னுடையது வளர்ந்தது. வளர்ந்துகொண்டே இருந்தது. சன்னலின் இரண்டாவது கம்பியைத் தாண்டி மூன்றாவது கம்பியையும் எட்டிவிட்டது. இலைகள் கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்தில். ஒரு மொட்டுகூட இல்லை.

உரம் போதவில்லை என்று நினைத்து எலும்புத்தூள் போட்டேன். அப்புறம் உரம் அதிகமாகிவிட்டதோ என்று நிறுத்தினேன். தண்ணீரைக் குறைத்துக் கொஞ்சம் வாடவிட்டுப் பார்த்தேன். நுனி கிள்ளினேன், கிளைகள்தான் கூடின. கிள்ளிய நுனிகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் சின்னக் குவளைகளில் ஊன்றி வைத்தேன். அவையும் வேர் பிடித்து, அதே மேசையோரத்தில், அதே மாதிரி வெறும் இலையாக வளர்ந்தன.

“நீங்க அப்படி என்னதான் போடுறீங்க அண்ணி?”

“தண்ணிதான் ஊத்துறேன். அதுவும் ஞாபகம் வந்தா.” போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “உன் ரூம்ல எப்பப் பாரு லைட் எரியுது. அது எப்பத்தான் ராத்திரின்னு நினைக்கும்?”

எனக்கு வேலை மெய்ப்புத் திருத்துவது. வீடு அடங்கிய பிறகுதான் எழுத்து கண்ணில் நிற்கும். மாலை ஆறரைக்குப் போடும் மேசை விளக்கு இரவு இரண்டு மணி வரை எரியும். அந்த வெளிச்சம் பாதி தாளின் மேலும் பாதி சாமந்தியின் மேலும் விழும். அண்ணி சொன்ன பிறகுதான் அதைக் கவனித்தேன். அன்றைக்கு இரவு செல்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலியை இறக்கி, இலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். 90 லக்ஸ். முழுநிலவின் வெளிச்சம் எவ்வளவு கூடினாலும் 0.3 லக்ஸ் அளவில்தான் இருக்கும். அப்படியென்றால் என் சாமந்தி பார்த்துக்கொண்டிருந்தது நிலவைப் போல முந்நூறு மடங்கு வெளிச்சம்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் இதைப் பற்றியே படித்தேன். படித்ததில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது ஒரு புகையிலைச் செடியின் கதை. அமெரிக்காவில் ‘மேரிலாண்ட் மாமத்’ என்று ஒரு புகையிலை வகை. கோடையில் வயலில் வைத்தால் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், இலை இலையாகத் தள்ளும், பூக்காது. பூக்காததால் விதையும் கிடைக்காது. ஆனால் அதே வகையைக் குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து வளர்த்தால், சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த வைட்மன் கார்னர், ஹாரி அல்லார்ட் என்ற இருவர் இந்தப் புதிரை எடுத்துக்கொண்டார்கள். வெப்பமா, ஈரமா, சத்தா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். எதுவும் ஒத்துவரவில்லை. நான் எலும்புத்தூளும் தண்ணீருமாகச் சுற்றிவந்த அதே பாதைதான். அவர்கள் ஒழுங்கோடு போனார்கள், நான் பதற்றத்தோடு போனேன்.

அவர்களிடம் இன்னொரு துப்பும் இருந்தது. ‘பிலாக்ஸி’ என்ற சோயா வகையை மே மாதம் தொடங்கிச் சில வார இடைவெளிகளில் விதைத்திருந்தார்கள். முன்னால் விதைத்தது பெரிய செடி, பின்னால் விதைத்தது குட்டிச் செடி. ஆனால் எல்லாமே செப்டம்பரில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. வயதைப் பார்த்துப் பூக்கிற செடி அப்படிச் செய்யாது. வெளியே ஏதோ ஒன்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சைகை காட்டியிருக்க வேண்டும். 1918ஆம் ஆண்டு ஜூலையில் வெளிச்சம் புகாத ஒரு சிறு கொட்டகை கட்டி, மாலை 4 மணிக்குச் செடிகளை உள்ளே தள்ளி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். நடுக்கோடையில் செடிக்குக் கிடைத்தது ஏழு மணிநேரப் பகல். புகையிலை பூத்தது. 1920இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். நம் பாடநூல்களில் ஒளிக்காலத்துவம் என்று வருவது இதுதான்.

சாமந்தி, சோயா, காஸ்மோஸ், பாயின்செட்டியா போன்றவை பகல் குறுகினால் பூக்கும்; குறும்பகல் தாவரங்கள். முள்ளங்கி, கோதுமை, பார்லி ஆகியவை பகல் நீண்டால் பூக்கும்; நீள்பகல் தாவரங்கள். தக்காளியும் வெள்ளரியும் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தாதவை. இந்தப் பெயர்கள் நம்மைக் கொஞ்சம் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். குறும்பகல் என்றால் பன்னிரண்டு மணிக்குக் குறைந்த பகல் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. உடுப்பில் ஒட்டிக்கொள்ளும் முள்காய் உள்ள மருளூமத்தை, பகல் சுமார் பதினைந்தரை மணிநேரத்துக்குக் குறைந்தாலே பூக்கத் தயாராகிவிடும். அது குறும்பகல் தாவரம். குரோசாணி ஓமம், பகல் சுமார் பதினோரு மணிநேரத்தைத் தாண்டினால் பூக்கும். அது நீள்பகல் தாவரம். பதினான்கு மணிநேரப் பகல் கொடுத்தால் இரண்டுமே பூத்துவிடும். பகல் எத்தனை மணிநேரம் என்பதைவிட, ஒரு வரம்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அந்த வரம்பு இனத்துக்கு இனம் வேறு, ஒரே இனத்தில் வகைக்கு வகையும் வேறு.

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட செய்தி இனிமேல்தான். 1938இல் கார்ல் ஹாம்னரும் ஜேம்ஸ் பானரும் இந்த மருளூமத்தையை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். பகலின் நடுவே செடியைச் சிறிது நேரம் இருட்டில் வைத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினார்கள். பூப்பது நின்றுவிட்டது. மருளூமத்தைக்கு ஒரே ஒரு நிமிட வெளிச்சம்கூடப் போதுமாக இருந்தது. அப்படியானால் செடி அளந்துகொண்டிருந்தது பகலை இல்லை. சுமார் எட்டரை மணிநேரம் இடையறாத இருட்டு கிடைத்ததா என்பதை. நூறு ஆண்டுகளாகக் குறும்பகல் என்று பெயர் சொல்லி வருகிறோம். நீளிரவுத் தாவரம் என்று அழைத்திருந்தால் எனக்கு ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தபோது மனசு கனத்துப்போனது. பாரிசில் ழூலியன் தூர்னுவா என்ற இளம் ஆய்வாளர், கார்னரும் அல்லார்டும் கொட்டகை கட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பீருக்குப் பயன்படும் ஹாப்ஸ் இனக் கொடியையும் கஞ்சாச் செடியையும் தினம் சில மணிநேர வெளிச்சத்தில் மட்டும் வளர்த்து, அவை இளம்பருவத்திலேயே பூப்பதைக் கண்டார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் காரணமாக இருக்கும் என்றும் எழுதினார். முதல் உலகப் போர் அவர் உயிரைக் கொண்டுபோய்விட்டது. வேலை அப்படியே நின்றது. அவர் எழுதிய அந்த ஒற்றைக் கருத்தைச் சோதனையில் நிறுவ இன்னும் இரண்டு தலைமுறை ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள்.

சரி, என் மேசைக்கு வருகிறேன்.

வேர் பிடித்திருந்த குவளைகளில் ஏறக்குறைய ஒரே உயரமுள்ள இரண்டை எடுத்துக்கொண்டேன். இரண்டும் விளக்குக்குப் பக்கத்தில். ஒன்றின் மேல் மட்டும் மாலை 6 மணிக்குக் கறுப்புத் துணி போர்த்தி, காலை 7 மணிக்கு எடுப்பது என்று திட்டம். முதல் நாளே துணிக்குள் செல்பேசியை வைத்து அளந்தேன். 6 லக்ஸ் ஒழுகியது. உள்ளே வெக்கையும் சேர்ந்திருந்தது. இரவில் சூடு அதிகமானாலும் சாமந்தி மொட்டு தாமதமாகும் என்று படித்திருந்தேன். அதனால் துணியை விட்டுவிட்டு, புத்தகக் கட்டு வந்த கனமான அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். மூலைகளில் கறுப்பு ஒட்டுத்தாள், காற்றுக்காக அடியில் மடித்த தடுப்பு. இப்போது பூஜ்யம்.

குறிப்பேட்டிலிருந்து சில வரிகள். 8ஆம் நாள்: வெளியே போய்விட்டேன், பெட்டி கவிழ்த்தபோது இரவு 11. 15ஆம் நாள்: வித்தியாசம் தெரியவில்லை. 19ஆம் நாள்: நுனி இலைகள் சிறுத்து நெருங்கியிருப்பதுபோலத் தோன்றுகிறது, என் ஆசையாகவும் இருக்கலாம். 24ஆம் நாள்: கடுகளவு பச்சை உருண்டை, ஐயமே இல்லை. 66ஆம் நாள்: முதல் பூ விரிந்துவிட்டது. பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, பெட்டி இல்லாத செடி அப்போதும் வெறும் இலையோடு நின்றது. சாமந்தி வளர்ப்பவர்கள் வகைகளை ஏழு வாரச் செடி, ஒன்பது வாரச் செடி, பத்து வாரச் செடி என்றே பிரிப்பார்கள்; நீண்ட இரவு தொடங்கிப் பூ வருவதற்கு ஆகும் வாரங்கள். என்னுடையது ஒன்பதரை. 8ஆம் நாள் செய்த பிழைக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

பெட்டிதான் ஏதோ செய்துவிட்டது, இருட்டு இல்லை என்று யாராவது சொன்னால்? எனக்கே அந்த ஐயம் வந்தது. அதனால் இரண்டாம் சுற்று. அதே பெட்டி, அதே 6 மணி, அதே 7 மணி. ஆனால் இரவு 11 முதல் 1 வரை மட்டும் பெட்டியைத் தூக்கிவிடுவேன். மொத்தம் பதினோரு மணிநேர இருட்டு, ஆனால் ஐந்தும் ஆறுமாக இரண்டு துண்டு. பத்து வாரம் பார்த்தேன். ஒரு மொட்டும் வரவில்லை. வியாபாரத்துக்குச் சாமந்தி வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே செய்வதும் இதைத்தான். காம்பு போதிய நீளம் வரும்வரை நள்ளிரவில் விளக்குப் போட்டுப் பூவைத் தள்ளிவைப்பார்கள். பிறகு விளக்கை நிறுத்துவார்கள். நீண்ட பகல் காலமாக இருந்தால் மாலையிலேயே கறுப்புத் திரையை இழுத்துவிடுவார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இரவு எப்போதுமே சாமந்திக்குப் போதுமான நீளம் இருப்பதால், அங்கே விளக்கு இல்லாவிட்டால் செடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும்.

செடி எப்படி அளக்கிறது? இலையில் பைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. அது இரண்டு உருவம் எடுக்கும். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் ஓர் உருவம், 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள தொலைசிவப்பு ஒளி (சிவப்பின் விளிம்பில், நம் கண்ணுக்கு மங்கலாகவே தெரிவது) பட்டால் பழைய உருவம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் ஹாரி போர்த்விக்கும் ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸும் 1952இல் லெட்டூஸ் கீரை விதைகளில் இதைக் காட்டினார்கள். சிவப்பு காட்டினால் முளைக்கும், உடனே தொலைசிவப்பு காட்டினால் முளைக்காது. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும், கடைசியாகப் பட்டது எதுவோ அதுதான் செல்லும். இரவின் நடுவே வெளிச்சம் காட்டிப் பூப்பதைத் தடுக்கும் சோதனையிலும் இதேதான் நடந்தது. செடியின் கண் இதுதான் என்று அதிலிருந்து தெரிந்தது.

கண் மட்டும் போதாது, கடிகாரமும் வேண்டும். இதை எர்வின் பியூனிங் என்ற ஜெர்மானியர் 1936இலேயே சொன்னார்: செடிக்குள் சுமார் இருபத்து நான்கு மணிநேர ஓட்டம் ஒன்று இருக்கிறது, அதன் எந்தக் கட்டத்தில் வெளிச்சம் படுகிறது என்பதே முக்கியம் என்று. பலர் நம்பவில்லை. பிறகு ஹாம்னரின் குழு சோயாவை 8 மணிநேர வெளிச்சத்திலும் தொடர்ந்து 64 மணிநேர இருட்டிலும் வைத்து, அந்த நீண்ட இருட்டின் வெவ்வேறு இடங்களில் சிறிது வெளிச்சம் காட்டியது. ஓரிடத்தில் காட்டினால் பூப்பது குறைந்தது, சில மணிநேரம் தள்ளிக் காட்டினால் கூடியது, மேலும் தள்ளினால் மறுபடி குறைந்தது. ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளியில் அலை அலையாக. மூன்று நாள் நீளும் அந்தச் சுற்றில், வெளியே எந்தச் சைகையும் இல்லாமல், உள்ளே செடி நாளை எண்ணிக்கொண்டிருந்தது.

பள்ளி இலக்கணத்தில் பெரும்பொழுது, சிறுபொழுது என்று இரண்டு படித்தோம். ஆண்டைப் பிரித்தால் பெரும்பொழுது, நாளைப் பிரித்தால் சிறுபொழுது. தேர்வுக்காகத் தனித்தனியே மனப்பாடம் செய்தவை. செடிக்கு இவை தனித்தனி இல்லை. யாமம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அளந்துதான் இது கூதிரா முன்பனியா என்று அது கண்டுகொள்கிறது. மழை முன்னே பின்னே வரும், குளிர் ஓர் ஆண்டு ஏமாற்றும். ஒரு தேதிக்குரிய இரவின் நீளம் மட்டும் எந்த ஆண்டும் மாறாது. நிலநடுக்கோட்டிலிருந்து 60 பாகை தள்ளி, மிக நீண்ட பகல் பதினெட்டு மணிநேரத்தைத் தாண்டும், மிகக் குறுகியது ஆறுக்கும் கீழே. 10 பாகையில் ஆண்டு முழுக்கச் சேர்த்து வித்தியாசம் ஒன்றேகால் மணிநேரம்கூட இல்லை. அந்தச் சிறிய வித்தியாசத்தையும் பிடித்துக்கொள்ளும் செடிகள் இருக்கின்றன.

பூவோடு இது முடிவதில்லை. ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன உருளைக்கிழங்கு, அங்கே கோடையின் நீண்ட பகலில் கிழங்கு வைக்காமல் இலையும் கொடியுமாகவே வளர்ந்து, இலையுதிர்காலம் வந்த பிறகே கிழங்கு கட்டத் தொடங்கியது. நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கும் வகைகள் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டுத்தான் அது அங்கே நிலைத்தது. வெங்காயம் இதற்கு நேரெதிர். பகல் ஒரு வரம்பைத் தாண்டி நீண்டால்தான் அடி பருக்கும். வேளாண் அறிவியலாளர் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் ஒரே ஆண்டில் இரண்டு அறுவடை எடுப்பதற்காகக் கோதுமையை இரண்டு வெவ்வேறு அட்சரேகைகளில் மாற்றி மாற்றி விதைத்தார். இரண்டு இடத்திலும் தேறிய செடிகள், தாமாகவே பகல் நீளத்துக்குக் கட்டுப்படாத செடிகளாக இருந்தன. அந்தக் கோதுமை உலகெங்கும் போக முடிந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

மரங்கள் பாடுதான் எனக்குக் கவலை. குளிர்நாட்டு மரங்கள் பல, குளிர் வந்த பிறகு விழித்துக்கொண்டால் பிழைக்க முடியாது. இரவு நீளத் தொடங்கும்போதே, வெயில் இன்னும் இதமாக இருக்கும்போதே, வளர்ச்சியை நிறுத்தி மொக்கை மூடிக்கொள்ளும். 1936இல் நியூயார்க்கில் எட்வின் மாட்ஸ்கி என்பவர், தெருவிளக்கை ஒட்டிய மரக்கிளைகளில் மட்டும் இலை பிந்தி உதிர்வதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரே மரத்தில், விளக்குப் பக்கக் கிளைக்கு ஒரு பருவம், மறுபக்கக் கிளைக்கு இன்னொரு பருவம். என் மேசை விளக்கை நான் அணைத்துவிட முடியும். அந்த மரத்தின் விளக்கை யார் அணைப்பது?

இனி கடைசிக் கேள்வி. இருட்டை அளப்பது இலை, பூப்பது நுனி. இலைக்குத் தெரிந்தது நுனிக்கு எப்படிப் போகிறது? சோவியத் நாட்டில் மிக்கைல் சைலாக்கியான் என்ற ஆய்வாளர், 1937இல், சாமந்தியை வைத்தேதான் இதற்கு விடை தேடினார். செடியின் மேல்பகுதி இலைகளையெல்லாம் பறித்துவிட்டு, இலையுள்ள கீழ்ப்பகுதிக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தார். மொட்டையாக நின்ற நுனிக்கு நீண்ட பகல். நுனி பூத்தது. மாற்றிச் செய்தபோது பூக்கவில்லை. இலையில் ஏதோ ஒன்று உண்டாகி மேலே ஏறுகிறது என்று சொல்லி, அதற்கு ஃப்ளோரிஜன் என்று பெயர் வைத்தார். அந்தப் பொருள் எது என்று தெரிய எழுபது ஆண்டுகள் ஆயின. 2007இல்தான் அது எஃப்டி என்ற சிறு புரதம் என்றும், சாறு செல்லும் குழாய்கள் வழியே இலையிலிருந்து நுனிக்குப் போகிறது என்றும் உறுதியானது. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சாமந்தியில் இதற்கு எதிரான இன்னொரு புரதத்தையும் கண்டார்கள். இரவின் நடுவே வெளிச்சம் பட்டால் இலை அதை உண்டாக்கி அனுப்புகிறது, அது பூப்பதைத் தடுக்கிறது. ஆக, என் விளக்கடியில் அந்தச் செடி சும்மா இருக்கவில்லை. ஒவ்வோர் இரவும், நான் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், “இப்போது வேண்டாம்” என்று நுனிக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

பழைய பெரிய செடியைப் பின்பக்கம் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். ஒன்பதாவது வாரம் கிளைக்கு நான்கு பூ. “நான் ஒண்ணும் பண்ணல” என்றார் அண்ணி. அது உண்மைதான், அதற்கு வேண்டியது அதுதான்.

இப்போது மூன்றாம் சுற்று, சைலாக்கியானின் சோதனை. உயரமான ஒரு செடியின் மேல் ஒரு சாண் அளவுக்கு இலைகளைப் பறித்துவிட்டேன். பெட்டியின் மேல்பக்கம் ஒரு துளை போட்டு, தண்டைச் சுற்றிப் பஞ்சும் கறுப்புத் தாளும் அடைத்திருக்கிறேன். கீழ் இலைகள் 6 மணி முதல் 7 மணி வரை இருட்டில். மொட்டை நுனி மட்டும் வெளியே, என் விளக்கைப் பார்த்தபடி. இரண்டு நாளைக்கு ஒருமுறை நுனியில் புது இலை துளிர்க்கிறது, இடுக்கியால் எடுக்கிறேன். எடுக்கும்போது கை கூசுகிறது. இன்று 17ஆம் நாள். பெட்டிக்குள் செல்பேசியை வைத்து அளந்ததில் உள்ளே பூஜ்யம், வெளியே நுனியில் 90. மொட்டு இன்னும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை மேசையிலேயே வைத்திருக்கிறேன்.